அவிராச்சனின் தொண்டை

அவிராச்சன் அச்சாயன் வரப்பில் நின்று “பா... ஹோய்” என்று ஒரு குரல் கொடுத்தால், பாடத்தின், அதாவது அந்த வயல்வெளியின், மறுகோடியில் சேற்றுக்குள் மூக்கைப் புதைத்திருக்கும் வாத்துகூடத் தலையைத் தூக்கும். படகுத்துறையில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். தோடு என்கிற வாய்க்காலுக்கு அக்கரையில் தன் வாத்துகளை மேய்க்கும் பாப்பச்சன், “தொடங்கிட்டாரு” என்று சொல்லிவிட்டுக் காதில் சொருகிய பீடியை எடுத்துப் பற்றவைப்பார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கூட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வரும் கனத்த குரல் அது.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். படகு எஞ்சின் பழுதுபார்க்கக் குட்டநாட்டுக்கு வந்து, கைநகரியிலேயே பெண் கட்டி, இங்கேயே தங்கிவிட்டேன். ஊருக்கு அவர் அச்சாயன், நான் அண்ணாச்சி. என் பட்டறைக்கும் அச்சாயன் வீட்டுக்கும் நடுவில் ஒரு தோடும் ஒரு தென்னந்தடிப் பாலமும்தான். அந்த வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பது எனக்கு மூக்கிலேயே தெரியும். யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது காதிலேயே தெரியும். திட்டு என்றால் பெரும்பாலும் அச்சாயன் மனைவி சோசாம்மச் சேச்சி திட்டுவார், அச்சாயன் சிரிப்பார். மகள் குவைத்தில் நர்ஸ். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும், வேலைக்குப் பிரசன்னனும், பிறகு வாத்துகளும்.

போன மழைக்காலம் முடிந்ததிலிருந்தே அச்சாயனின் குரலில் ஏதோ சரியில்லை. முதலில் கரகரப்பு என்றார். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடித்தார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு குரலில் காற்று கலந்தது. பேச்சு பாதியில் காணாமல்போய், கொஞ்சம் தள்ளி மெல்லிசாக வேறொரு இடத்தில் முளைக்கும். சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது என்று பிரசன்னன் என்னிடம் சொன்னான். அச்சாயனிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை.

சொன்னது சங்ஙனாசேரி முட்டை வியாபாரிதான், அதுவும் தெரியாமல். ஒரு நாள் காலையில் அவிராச்சன் போனை எடுத்து, “ஹலோ” என்றார். நான் அங்கே உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் போனில் எதிர்முனையில் பேசுவது ஊருக்கே கேட்கும்.

“சேச்சி, அச்சாயன் இல்லையா?”

“நான்தான்டா பேசறேன்.”

“நீங்கதான்னு தெரியுது சேச்சி. அச்சாயன்கிட்ட குடுங்க. முட்டை விஷயம், நீங்க பேசினா சரிப்படாது.”

அச்சாயன் போனைக் கட்டிலில் எறிந்தார். சோசாம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தார். “யாருப்பா அது?”

“ஆங், அச்சாயா! நல்லவேளை வந்தீங்க. உங்க வீட்டுச் சேச்சி போனை விடவே மாட்டேங்கறாங்க!”

பிரசன்னன் தவிட்டுத் தொட்டியோடு வாசலில் நின்றிருந்தான். தொட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டின் பின்பக்கம் ஓடினான். அங்கிருந்து அவன் சிரித்த சிரிப்பு எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. என் தொண்டையில் மரச்சீனி சிக்கிக்கொண்டது. சேச்சி முகத்தை இறுக்கிக்கொண்டு முட்டை விஷயத்தைப் பேசி முடித்தார். உண்மையைச் சொன்னால், வழக்கத்தைவிட நல்லபடியாகவே முடித்தார்.

சேச்சியின் குரலும் மாறித்தான் போயிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் பள்ளியில், அதாவது இங்கத்துச் சர்ச்சில், அவர் பாடினால் கூரை ஓட்டுக்குள் இருக்கும் புறா எழும்பிப் பறக்கும் என்பார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பாட்டில் அவர் தானாகவே ஆண்கள் பாடும் கீழ்ச்சுருதியில் சேர்ந்துகொள்வார். அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. “மீன்காரன் இப்பல்லாம் என்கிட்ட விலை ஏத்தறதில்ல” என்பார்.

பங்குனித் தொடக்கத்தில் அறுவடை முடிந்து, சிந்திய நெல்லுக்கு வாத்துகளைப் பாடத்தில் இறக்கியிருந்தார்கள். நெல்லும் நத்தையும் தின்று வாத்து கொழுக்கும் காலம். முட்டை மஞ்சள்கரு அஸ்தமன நேரத்துச் சூரியன் போல இருக்கும். மடையைத் திறந்து பாடத்துக்குள் தண்ணீர் விடப்போகிறோம், மத்தியானத்துக்குள் வாத்துகளை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று பாடக்கமிட்டி சொல்லியனுப்பியது. தண்ணீர் நிறைந்தால் வாத்து நீந்திக்கொண்டே வரம்பு தாண்டிவிடும். தாண்டினால் பாப்பச்சனின் கூட்டம். இரண்டு கூட்டம் கலந்தால் பிரிப்பதற்குள் இரண்டு குடும்பத்தின் நாலு தலைமுறையையும் திட்டி முடித்துவிடுவார்கள்.

அச்சாயன் நீளக்கம்பை ஊன்றிக்கொண்டு வரப்பில் நின்றார். மூச்சை இழுத்தார். “பா...” என்றார். ‘ஹோய்’ வரவில்லை. காற்று மட்டும் வந்தது. இன்னொரு தடவை. இந்தத் தடவை வந்தது, ஆனால் கீச்சென்று, பாதியில் உடைந்து. பக்கத்தில் நின்ற இருபது முப்பது வாத்துகள் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சேற்றைக் கிளறப் போயின. தூரத்தில் இருந்தவை தலையே தூக்கவில்லை. மடை திறந்தாயிற்று. தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு உள்ளே வந்தது. ஒரு கூட்டம் மிதந்தபடி பாப்பச்சன் பக்கமாகத் திரும்பியது.

“அச்சாயோ!” அக்கரையிலிருந்து பாப்பச்சன் கத்தினார். “உங்க ஆளுங்க விருந்துக்கு வராங்க! சோறு வடிக்கட்டுமா?”

“பிரசன்னா, தோணிய எடுடா, சுத்திப் போய் மறி!” என்று அச்சாயன் சொன்னார். அதுவும் பிரசன்னனுக்குக் கேட்கவில்லை. கை ஆட்டியதைப் பார்த்துதான் ஓடினான்.

கஞ்சிப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்த சோசாம்மா அதை வரப்பில் இறக்கிவைத்தார். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வாயைக் குவித்து, “பா... ஹோய்!” என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார்.

நான் பட்டறையில் இருந்தேன். அச்சாயனுக்குத் தொண்டை திறந்துவிட்டது என்று நினைத்து, கையில் இருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அப்படியே பழைய குரல். பாடம் முழுக்கப் பரவிக் கிடந்த வாத்து மொத்தமும் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சேச்சியின் காலடிக்கு வந்தது. விருந்துக்குக் கிளம்பியவையும் பாதித் தோட்டில் திரும்பின. நடுவில் நின்ற அச்சாயனைக் கல்லைச் சுற்றிப் போகும் தண்ணீர் மாதிரி விலகிக் கடந்து போயின.

பாப்பச்சன் அக்கரையில் கை தட்டினார்.

அன்று கஞ்சியை அச்சாயன் தொடவில்லை. மறுநாளிலிருந்து பேசுவதையும் நிறுத்திவிட்டார். கேட்டால் தலை ஆட்டுவார், கை காட்டுவார். கள்ளுக்கடைக்குப் போவதில்லை. பள்ளிக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பார். வாத்துகள் செய்ததற்குக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன். சேச்சிதான் ஒரு சாயங்காலம் பாலம் தாண்டி வந்து என் பட்டறை பலகையில் உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. பயம். அவரோட அண்ணனுக்கு இப்படித்தான் தொண்டைல தொடங்குச்சு. ஆறு மாசத்துல போய்ட்டாரு. அதையே நினைச்சுட்டு உக்காந்திருக்காரு.”

“டாக்டர்கிட்ட காட்ட வேண்டியதுதானே?”

“சொன்னா வாயத் தொறக்க மாட்டேங்கறார். டாக்டர்கிட்டயும் தொறக்க மாட்டாராம். பிடிச்சுக் கட்டிக் கொண்டுபோக அவர் என்ன வாத்தா?” பலகையில் கிடந்த ஒரு நட்டை எடுத்து உருட்டினார். “எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

மறுநாள் நான் அச்சாயனிடம் போய், என் படகில் புது எஞ்சின் மாட்டியிருக்கிறேன், ஆலப்புழை வரை ஓட்டிப் பார்க்க வேண்டும், வருகிறீர்களா என்றேன். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய், வெளுத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு எடுப்பதற்கான பணத்தையும் எடுத்து வைத்திருந்தார். புது எஞ்சினைப் பார்க்க யாரும் ஜிப்பா போடுவதில்லை. சேச்சியும் ஏறினார். ஆள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று பிரசன்னனும் ஏறினான். வழி நெடுகச் சேச்சி ஜபமாலையை உருட்டினார்.

தொண்டை டாக்டர் நதீரா என்று ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அச்சாயன் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்தார்.

“பேர் என்ன?”

அச்சாயன் சேச்சியைக் காட்டினார்.

“நான் உங்க பேரத்தான் கேட்டேன் அப்பச்சா. உங்க குரலைப் பார்க்கணும்னா நீங்கதான் பேசணும்.”

“அவிராச்சன்” என்று காற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வாரக்கணக்கில் நாங்கள் கேட்ட முதல் வார்த்தை.

துணியால் அவர் நாக்கைப் பிடித்து இழுத்து, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள ஒரு கம்பியை வாய்க்குள் விட்டார் டாக்டர். “ஈ சொல்லுங்க. நீளமா.” சுவரில் இருந்த டிவியில் அவருடைய தொண்டை தெரிந்தது. ஈரமும் சிவப்புமாக, நடுவில் வெள்ளையாக இரண்டு கீற்றுகள். விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. இரண்டு கீற்றும் சேர்வதும் விலகுவதுமாக, அலை போல மெதுவாக அசைந்தன. சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் வலித்தது.

டாக்டர் கம்பியை எடுத்தார். “கட்டி இல்ல. புண் இல்ல. புற்று கிற்று ஒண்ணும் இல்ல.”

சேச்சி, “கர்த்தாவே!” என்றார். அந்தக் குரலைக் கேட்டு, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அப்ப எனக்கு என்னதான்?” என்று அச்சாயன் கேட்டார்.

“வயசு.”

“அது எனக்குத் தெரியும்.”

“தொண்டைக்கும் வயசாகும்னு தெரியுமா? இங்க பாருங்க.” டாக்டர் டிவியில் படத்தை மறுபடி ஓட்டினார். “இந்த ரெண்டு மடிப்பும் ஒண்ணோடொண்ணு அடிச்சுக்கிட்டாத்தான் குரல். ஒரு நொடியில நூறு தடவைக்கு மேல அடிக்கும், அதனால கண்ணுக்குத் தெரியாது. இந்த விளக்கு மினுக்கி மினுக்கி மெதுவாக் காட்டுது. வயசானா உள்ள இருக்கற சதை வத்திடும். மடிப்பு மெலிஞ்சு, வில்லு மாதிரி வளைஞ்சிடும். நடுவுல பாருங்க, சேரவே இல்ல. அந்தச் சந்துல காத்து ஓடிடுது.”

அச்சாயன் எழுந்து டிவியின் அருகே போய்ப் பார்த்தார். “மடைப்பலகை காஞ்சு சுருங்கினா இப்படித்தான். எவ்வளவு சேறு அப்பினாலும் கசியும்.”

“அதேதான். மெலிஞ்சதனால வேகமாவும் அடிக்குது. ஆம்பளைங்களுக்கு வயசானா குரல் மேல போறது அதனாலதான்.”

“சரியா இருக்கறது எப்படி இருக்கும்?” என்று சேச்சி கேட்டார்.

டாக்டர் சுற்றிலும் பார்த்தார். பிரசன்னன் கதவை நோக்கி நகர்ந்தான். அச்சாயன் அவன் சட்டையைப் பிடித்தார். “உக்காருடா. ஆள் பிடிக்கத்தானே வந்தே?”

பிரசன்னனின் தொண்டையில் இரண்டு மடிப்பும் கச்சிதமாக வந்து சேர்ந்தன, சந்தில்லாமல். விலகும்போது இரண்டும் ஒரே சீராக விலகின. “எவ்வளவு அழகா இருக்கு!” என்றார் சேச்சி. முப்பத்தைந்து வயதில் முதல் தடவையாகத் தன்னை ஒருவர் அழகு என்று சொன்னதை, அதுவும் தொண்டையைப் பார்த்துச் சொன்னதை, பிரசன்னன் நாக்கை நீட்டியபடியே ஏற்றுக்கொண்டான்.

பிறகு சேச்சியின் முறை. அவருடைய மடிப்புகள் தடித்து, கொஞ்சம் ஊதி, சோம்பலாக அசைந்தன. “பொம்பளைங்களுக்குத் தீட்டு நின்னப்புறம் இது தடிக்கும். தடிச்சா மெதுவா அடிக்கும். குரல் கீழ இறங்கும்” என்று சொல்லிவிட்டு, டாக்டர் இயந்திரத்தில் இரண்டு பேரின் கணக்கையும் பார்த்துச் சிரித்தார். “உங்க ரெண்டு பேர்ல இப்ப கனத்த குரல் இவங்களுதுதான் அப்பச்சா.”

“இத மிஷின் சொல்லணுமாக்கும்? வாத்தே சொல்லிடுச்சு” என்றார் அச்சாயன்.

பழைய குரல் திரும்பாது, ஆனால் இருக்கிற சதையைப் பழக்கினால் சந்து குறையும், சத்தம் கூடும் என்று டாக்டர் சொன்னார். தண்ணீரில் ஒரு குழாயை வைத்து, ‘ஊ’ என்று குரலோடு ஊத வேண்டும். காலை, மத்தியானம், சாயங்காலம். தொண்டையைச் செருமக் கூடாது. நிறையத் தண்ணீர். “பேசாம இருந்தா இன்னும் வத்தும். பேசுங்க, திட்டுங்க, பாடுங்க.”

திரும்பும்போது புன்னமடைக் காயலில் காற்று ஏறியிருந்தது. பாதி வழியில் அச்சாயன், “அண்ணாச்சி, புது எஞ்சின் நல்லாத்தான் இருக்கு” என்றார். அது ஐந்து வருஷப் பழைய எஞ்சின். “எவ்வளவு சத்தம் போடுது பாரு” என்றும் சேர்த்துக்கொண்டார். சேச்சி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், அழவும் செய்தார். ஈஸ்டருக்குத் தேங்காய்ப்பால் விட்ட வாத்து மப்பாஸும் அப்பமும் எனக்கு ஒரு பாத்திரம் நிறைய வந்தது.

ஆனால் வீட்டில் ஊதிப் பழக முடியவில்லை. அச்சாயன் பப்பாளி இலைத் தண்டை வெட்டி, வாளித் தண்ணீரில் வைத்து, ‘ஊ’ என்று தொடங்கியதும் தண்ணீர் குடுகுடுவென்று கொதிக்கும். சேச்சி அடுப்படியிலிருந்து, “ஹூக்கா பிடிக்கறீங்களா அச்சாயா?” என்பார். பிரசன்னனுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வேலை ஓடாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். தோட்டில் போகும் படகுக்காரர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். பாப்பச்சன் அக்கரையிலிருந்து, “அச்சாயோ, வெந்திடுச்சா?” என்று கேட்டார்.

வைகாசி நடுவில்தான் செங்ஙன்னூரிலிருந்து புதிதாகப் பொரித்த குஞ்சுகள் வந்து இறங்கின. மஞ்சள் பஞ்சு உருண்டைகள், ஆயிரத்துக்கு மேல். பின்பக்கத்துக் கொட்டகையில் மூங்கில் தட்டி கட்டி, மேலே பல்பு தொங்கவிட்டு, அவித்த சோறும் கருவாட்டுத் தூளும் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே சிரிக்கிறவர்கள் யாரும் இல்லை. அச்சாயன் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோனார். தட்டிக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து ஊதுவார், பிறகு ‘ம்ம்ம்’ என்று முனகுவார், பிறகு “பா... பா...” என்று நீட்டிப் பார்ப்பார். நடுவில் தீனி போடுவார். நான் ஒரு நாள் பல்பு வயரை மாற்றப் போனபோது, குஞ்சு மொத்தமும் அவர் உட்கார்ந்த பக்கத்துத் தட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் குரலை மேலே கொண்டுபோனால் கழுத்தும் மேலே போயிற்று.

“எடா அண்ணாச்சி, இங்க பாத்தியா? இதுங்க மட்டும் சிரிக்கல.”

“சாப்பாடு போடறவரைப் பார்த்து யார் அச்சாயா சிரிப்பாங்க?”

“உன் சேச்சிக்கு நான் எத்தனை வருஷமா போடறேன்!”

குரலில் காற்று குறைந்திருந்தது. கனம் வரவில்லை. ஆனால் மெல்லிய கம்பி மாதிரி, உடையாமல் நேராக வந்தது.

ஆனி பிறந்து பத்து நாளைக்குள் மழை வெளுத்துக்கட்டியது. கிழக்கு மலைத்தண்ணீர் கலங்கலாக இறங்கி, ஆறு வரம்பின் விளிம்பை நக்கிக்கொண்டு ஓடியது. பெரிய வாத்துகளைச் சேச்சி தென்வரம்பு மேட்டுக்கு ஏற்றியிருந்தார். வடக்கு மூலையில் வலைக்குள் குஞ்சுகள். சிறகுக்கு இன்னும் எண்ணெய் பிடிக்காத வயது. நனைந்தால் குளிரில் விறைத்துவிடும். அவற்றைக் கொட்டகைக்கு ஏற்ற அச்சாயனும் பிரசன்னனும் தட்டியை எடுத்துக்கொண்டு போனபோதுதான் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஆற்றோரப் புறவரப்பு உடைந்தது.

இடி போல ஒரு சத்தம். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் இறைத்திருந்த பாடம் ஆற்றைவிடத் தாழ்ந்தது. தண்ணீர் பாய்ந்து விழுந்தது. வலை பிய்ந்தது. குஞ்சுகள் சிதறி, பாடத்தின் நடுவை நோக்கி அலைமேல் போயின. மழைத் திரைக்குள் மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள். நான் படகை எடுத்துக்கொண்டு ஆற்றுவழியாக வந்தேன். ஆனால் உடைப்புக்குள் படகை விட முடியாது.

தெற்கிலிருந்து சேச்சி, “பா... ஹோய்!” என்று கூப்பிட்டார். அந்தப் பெரிய குரல் தண்ணீர் விழும் சத்தத்தோடு சத்தமாகக் கலந்துவிட்டது. அவர் காலடியில் நின்ற பெரிய வாத்துகள் ஒரேயடியாகக் கத்தின. குஞ்சு ஒன்றுகூடத் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். இல்லை.

“நீங்க கூப்பிடுங்க அச்சாயா!” என்று பிரசன்னன் கத்தினான். “உங்கள மட்டும்தான் அதுங்களுக்குத் தெரியும்!”

அச்சாயன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. அக்கரையில் பாப்பச்சனும் ஆட்களும் நிற்பதையும் பார்க்கவில்லை. மூச்சை நிதானமாக இழுத்து, கொட்டகையில் கூப்பிடுவதைப் போலவே கூப்பிட்டார்.

“பா... பா... பா...”

மெல்லிய குரல். ஆனால் மழைக்கும் உடைப்புக்கும் மேலே ஏறி, தனியாகத் தெரிந்தது. முதலில் ஒரு புள்ளி திரும்பியது. பிறகு ஒரு கைப்பிடி. அவர் நிறுத்தாமல் கூப்பிட்டார். உடையும் இடத்தில் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஏற்றினார். தண்ணீர்மேல் ஒரு கோடு உண்டானது. கோடு நீண்டது, அகன்றது. குஞ்சுகள் அலைக்கு எதிராகக் காலை அடித்துக்கொண்டு வந்து அவர் மார்பில் முட்டின, தோளில் ஏறப் பார்த்தன. பிரசன்னன் கூடை கூடையாக அள்ளி மேட்டில் கொட்டினான். பாப்பச்சனும் ஆட்களும் சுற்றிப் போன சிலதைத் தோணியில் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் போயிற்று, இல்லையென்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ஏறிவிட்டன. சாக்கைப் போர்த்தி, பல்பை இறக்கி விட்டதும் கொட்டகை முழுக்க ஆவி பறந்தது.

பாப்பச்சன் தலையைத் துவட்டிக்கொண்டே, “இது எந்த ஊர்க் குரல் அச்சாயா? ஈட்டி மாதிரி வருது” என்றார்.

“ஆலப்புழைல பண்ணினது. உனக்கும் வேணும்னா வாளி தரேன்.”

அப்போதுதான் அச்சாயன் தெற்கே பார்த்தார். உடைப்புக்கு அந்தப் பக்கம், வாத்துக் கூட்டத்தின் நடுவில், சோசாம்மா ஒற்றையாக நனைந்துகொண்டு நின்றார். எல்லாம் ஏறியதா இல்லையா என்று அங்கிருந்து தெரியாது. இரண்டு கையையும் நெற்றிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சாயன் வரப்பின் நுனிவரை போனார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

“பா... பா... சோசாம்மோ... பா...!”

சத்தம் தண்ணீரைத் தாண்டிப் போனது. சேச்சி கையை இறக்கினார். அந்தப் பக்கத்திலிருந்து உடைப்பையே அமுக்கிக்கொண்டு அவருடைய கனத்த குரல் வந்தது.

“நான் என்ன வாத்தா?”

சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, அவரை ஏற்றிக்கொள்ள நான் படகை ஆற்றுவழியாக அந்தப் பக்கம் கொண்டுபோவதற்கு முன்னால், வரப்பில் உடைப்பை நோக்கி வேகவேகமாக வரத் தொடங்கினார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்தது.